குணமானவரின் இரட்டைக் காகிதம்: சாலைக் கம்போளத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

நோயாளியைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். நலமாக இருப்பவரைப் பற்றிச் சித்தர்களில் தொடங்கி வார இதழ்களின் உணவுப் பக்கம் வரை எழுதாதவர் இல்லை. ஆனால் தொற்றுநோய் வந்து, படுத்து, எழுந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மறுபடி வெளிநாட்டு வேலைக்குப் பெட்டி கட்டும் மனிதர்மேல் நம் ஆய்வுலகம் போதிய அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களமாகத் திருவனந்தபுரத்துச் சாலை என்ற கடைத்தெருவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய கம்போளம் இது. கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் இந்தத் தெருவில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறார்கள். எழுத்தாளர் ஆ. மாதவன் கடை நடத்தியபடியே கதை எழுதியதும் இங்கேதான். சரக்கோடு சீட்டும் வந்தால்தான் மூட்டையை இறக்குவார்கள் என்பதால், காகிதத்தின் மகத்துவத்தை இந்தத் தெருவுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. சர்வதேச விமான நிலையமோ சில கிலோமீட்டர் தொலைவில், ஆட்டோவில் போய்விடும் தூரத்தில் இருக்கிறது. ஆய்வுக்கு இதைவிடத் தோதான இடம் அகப்படாது.

ஆய்வின் முடிவை முதலிலேயே நூற்பாவாகச் சொல்லிவிட்டுப் பிறகு உரை எழுதுவது நம் மரபு. அதன்படி: ‘வந்தமைக்கு ஒன்றும் போனமைக்கு ஒன்றும் தந்தவர்க் கன்றித் தரையே கதியே.’ இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், குணமானவர் விமானம் ஏற இரண்டு காகிதம் வேண்டும் என்பதை உணர்த்துதல் நுதலிற்று. நோய் வந்தது என்பதற்கு ஒன்று. அது போய்விட்டது என்பதற்கு மற்றொன்று. நோயே வராதவருக்கு ஒரு காகிதம் போதும். நோயில் கிடப்பவருக்குக் காகிதமே தேவையில்லை, அவர் வீட்டில் கிடக்கிறார். ஆகவே மூவரில் உடலளவில் நடுவில் நிற்கும் குணமானவர், காகித அளவில் எல்லோரையும் விஞ்சி நிற்கிறார். இதைச் சாலையின் மொழியிலேயே விளக்கலாம். ஒருமுறை நனைந்து காய்ந்த மிளகாய் வற்றலும், நனையாமலே காய்ந்த வற்றலும் மூட்டைக்குள் ஒன்றுபோலத்தான் கிடக்கும். மொத்த வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்தால் போதும், எது எது என்று சொல்லிவிடுவார். விமான நிறுவனத்தின் கவுண்டரில் இருப்பவருக்குப் பயணியை அப்படி அள்ளி முகரும் அதிகாரம் இல்லை. அந்தக் கை செய்யவேண்டிய வேலையைத்தான் காகிதம் செய்கிறது. செய்ய முயல்கிறது என்றாவது சொல்லவேண்டும்.

காகிதத்துக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தது உடம்புதான். பெரியம்மை கண்டு பிழைத்தவர் முகத்தில் வடு நிற்கும். மறுபடி அந்த நோய் அவரை அண்டாது என்பதை அனுபவத்தால் உலகம் அறிந்திருந்தது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேலைக்கு ஆள் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தவர்கள், ஏற்கெனவே பெரியம்மை வந்து போனவராக இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டதுண்டு. ஆய்வு நோக்கில் இந்த வடு ஓர் அபூர்வ ஆவணம். வந்தது, போனது என்ற இரண்டையும் ஒரே இடத்தில் சொல்லிவிடும். போலி செய்ய முடியாது, வீட்டில் மறந்து வைத்துவிட்டு வரவும் முடியாது. காலாவதித் தேதி கிடையாது. பெயரில் எழுத்துப்பிழை வர வாய்ப்பே இல்லை. திருவிதாங்கூரில் 1813இலேயே அம்மைக்குத்துக்கு என்று ஒரு துறை தொடங்கியது. 1879இல் அரசு ஊழியர்களும் மாணவர்களும் சிறைக்கைதிகளும் கட்டாயம் குத்திக்கொள்ளவேண்டும் என்று அரச ஆணை வந்தது. இந்த மூன்று கூட்டத்தாரையும் ஒரே வரியில் நிறுத்திய அந்த ஆணையின் நகைச்சுவையை இங்கே ஆராய இடமில்லை. பிற்காலத்தில் விமானத்தில் பறந்தவர்கள் பெரியம்மைத் தடுப்பூசிச் சான்றிதழைக் கையில் வைத்திருந்தார்கள்; அது மூன்று ஆண்டு செல்லும். 1980 மே மாதம் உலக சுகாதார அமைப்பின் பேரவை பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது. நோயோடு வடுவும் போனது. வடுவோடு, குணமானதற்கு மனித குலம் கண்ட ஒரே பழுதற்ற ஆவணமும் போனது. மருத்துவம் பெற்ற வெற்றிக்கு ஆவணவியல் கொடுத்த விலை இது.

வடு விழாத நோய்களுக்கு என்ன செய்வது என்பது தனி வரலாறு. 1377இல் ரகுசா என்ற துறைமுக நகரம், இன்றைய துப்ரோவ்னிக், கொள்ளைநோய் கண்ட ஊர்களிலிருந்து வருபவர்களை ஒரு மாதம் ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்தது. நம் பக்கத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தங்கவைத்துக் கண்காணிக்கப்பட்ட பிறகே கடல் கடந்தார்கள். கூர்ந்து பார்த்தால் இவ்விரண்டிலும் யாரும் ‘நீ குணமானவனா’ என்று கேட்கவில்லை. நாள்கள் கழிந்தன, ஆள் இன்னும் நிற்கிறானா என்று பார்த்தார்கள், நின்றால் அனுப்பினார்கள். கொடுமையான முறைதான், ஆனால் எளிமையானது. விமானம் வந்ததும் இது நடக்காமல் போயிற்று. திருவனந்தபுரத்தில் 1932இல் தோன்றிய விமானத்தளத்திலிருந்து இன்று நான்கு மணி நேரத்தில் வளைகுடாவில் இறங்கிவிடலாம். ஒரு மாதக் காத்திருப்பைச் சுருக்கிச் சட்டைப்பைக்குள் வைக்கும் கருவி ஒன்று தேவைப்பட்டது. அதுதான் சான்றிதழ்.

இந்தக் கருவி தன் முழு வல்லமையைக் காட்டியது கொரோனாக் காலத்தில். இந்தியாவின் முதல் நோயாளி 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில்தான், திருச்சூரில், உறுதி செய்யப்பட்டார். அதே ஆண்டு ஜூலை 6 முதல் திருவனந்தபுரம் நகரமே மும்மடங்கு ஊரடங்குக்குள் போனது. சாலையில் கதவுகள் சாத்தப்பட்டன. இந்த ஆய்வுக்கு முக்கியமான நாள் அதற்கும் முந்தியது: 2020 மே 8. அன்று மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் விதியைத் திருத்தியது. லேசான நோய் கண்டவர், அறிகுறி தோன்றிப் பத்து நாளாகி, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால், மறு சோதனை இல்லாமலே வீட்டுக்குப் போகலாம். காரணம் நியாயமானது. ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை வைரஸின் மரபுப் பொருளைத்தான் தேடுகிறது. அது உயிருள்ள வைரஸுடையதா, செத்ததன் மிச்சமா என்று அதற்குத் தெரியாது. குணமாகிப் பல வாரம் கழிந்த பிறகும் சிலருக்கு ‘பாசிட்டிவ்’ என்றே வரும். ஆக, இந்த ஆள் குணமானவர் என்று சொல்லச் சோதனை வேண்டாம் என்றது மருத்துவம். அதே ஆள் விமானம் ஏற வந்தால் சோதனை வேண்டும் என்றது போக்குவரத்து. 2021 ஆகஸ்ட் 5 முதல் இந்தியாவிலிருந்து அமீரகம் திரும்பியவர்கள் 48 மணி நேரத்துக்குள் எடுத்த முடிவையும், விமான நிலையத்திலேயே ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த இன்னொரு முடிவையும் காட்டவேண்டியிருந்தது. எட்டு மணிக்கு விமானம் என்றால் அதிகாலை மூன்று மணிக்கே மூக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியிருந்தது. போன மாத நோயின் குப்பைக்கும் நேற்று வந்த நோய்க்கும் அந்தக் குச்சி வேறுபாடு பார்க்காது. நோயே வராதவர் ஆறு மணி நேரக் கவலையோடு தப்பினார். குணமானவர், தன் உடம்பு பெருக்கித் துடைக்கப்பட்டுவிட்டதா என்று அறிய முடியாத கவலையோடு நின்றார்.

இந்த இடத்தில்தான் அமெரிக்கா நூற்பாவின் முதல் பாதியைக் கண்டுபிடித்தது. 2021 ஜனவரி 26 முதல் அந்நாட்டுக்குப் பறப்பவர்கள் நோயில்லை என்ற முடிவைக் காட்டவேண்டும் என்ற ஆணை நடப்புக்கு வந்தது. 2022 ஜூன் 12 வரை நீடித்தது. அதே ஆணையில் ஒரு மாற்று வழி இருந்தது. 90 நாளுக்குள் நோய் வந்ததற்கான பரிசோதனை முடிவும், பயணம் செய்யலாம் என்று மருத்துவர் எழுதிய கடிதமும் காட்டினால் போதும். இதன் தத்துவப் பெருமையைச் சற்று நின்று பார்க்கவேண்டும். எந்தக் காகிதத்தைக் கண்டதும் வீட்டார் எட்டடி விலகி நின்றார்களோ, தெருமுனையில் தட்டி கட்டினார்களோ, அதே காகிதம் இப்போது நுழைவுச்சீட்டு. கோபத்தில் அதைக் கிழித்துப் போட்டவர் விமானத்தைத் தவறவிட்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 அன்று தொடங்கிய சான்றிதழ் முறை இன்னும் நுட்பமானது. குணமானதற்கென்றே அதில் தனிச் சான்றிதழ் இருந்தது. முதல் பாசிட்டிவ் முடிவுக்குப் பின் 11ஆம் நாளில் அது உயிர்பெற்றது, 180ஆம் நாளோடு இறந்தது. உடம்பு அதே உடம்பு. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் 91ஆம் நாள் அவர் குணமானவர் அல்லர். இந்தப் பக்கம் இன்னும் மூன்று மாதம் குணமானவர். நடுவில் விமானம் மாறும் ஊருக்குத் தனி விதி இருந்தால், அங்கே உட்காரும் நேரத்தில் அவர் என்னவாக இருந்தார் என்பது வேதாந்திகளுக்கு உரிய கேள்வி.

உள்நாட்டிலும் இதே புதிர்தான். குணமானவர்கள் மூன்று மாதம் கழித்தே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று 2021 மே 19 அன்று அறிவுரை வந்தது. அடுத்த மாதம், படிப்புக்கும் வேலைக்கும் டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கும் வெளிநாடு போகிறவர்கள் இரண்டாம் ஊசியை 84 நாள் காத்திருக்காமல் 28 நாளிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று சலுகை வந்தது. நோய் வராதவர் வேகமாகப் போகலாம். வந்தவர் நின்று போகவேண்டும். மருத்துவக் காரணம் சரியே: வந்தவர் உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. அது இருப்பதற்காகத்தான் அவரை நிறுத்தினார்கள் என்பதுதான் இந்த ஆய்வுக்குச் சுவை.

பெயர்ச் சிக்கலையும் சொல்லவேண்டும். இரண்டு காகிதம் என்றால் இரண்டிலும் ஒரே ஆள் இருக்கவேண்டும். சாலைத் தமிழருக்கு அப்பா பெயரின் முதலெழுத்துதான் தலைப்பெழுத்து. பாஸ்போர்ட் அதை விரித்து அப்பாவின் முழுப்பெயராக்கிக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்காரவைக்கும். ஆய்வுக்கூடம் அதைச் சுருக்கி ஒற்றை எழுத்தாக முன்னால் போடும், சில சமயம் பின்னால். ஆறுமுகம் என்பவரை ஆங்கிலத்தில் எழுதும்போது மலையாளத்துக்காரர் ஒரு ஹெச் சேர்ப்பார், திருநெல்வேலிக்காரர் சேர்க்கமாட்டார். ஹெச் உள்ள ஆறுமுகத்துக்கு நோய் வந்தது, ஹெச் இல்லாத ஆறுமுகம் குணமானார் என்று கவுண்டரில் தீர்ப்பானால், யார் யாரைத் தூற்றுவது? இந்தியத் தடுப்பூசிச் சான்றிதழ் ஆண்டு மட்டும் காட்டியதால், வெளிநாடு போகிறவர்களுக்காக 2021இல் முழுப் பிறந்த தேதியும் சேர்க்கவேண்டி வந்தது. பிரதமர் படம் அதில் இருக்கலாமா என்ற வழக்கும் கேரள உயர் நீதிமன்றம் வரை போனது. தொடுத்தவருக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதத்தோடு அந்த ஆண்டு டிசம்பரில் தள்ளுபடியானது. படம் இருப்பதாலோ இல்லாததாலோ எந்த விமானமும் புறப்படத் தாமதித்ததாகத் தகவல் இல்லை.

இனிப் பரபக்கம். முதல் ஆட்சேபம் கனமானது: இந்தக் காகிதங்கள் பிறரைக் காக்கத்தானே, கேலி எதற்கு? ஒப்புக்கொள்ளவேண்டியதுதான். மூடிய விமானத்தில் சின்னம்மையோ தட்டம்மையோ உள்ளவர் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால், பக்கத்து வரிசைக் கைக்குழந்தைக்கு அது கேலி இல்லை. காசநோய் விஷயத்தில், எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமானால் முன்னும் பின்னும் இரண்டிரண்டு வரிசைக்காரர்களைத் தேடிப்பிடிக்கச் சொல்லும் உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலே உண்டு. இக்கட்டுரை காகிதத்தை எதிர்க்கவில்லை. காகிதம் அளப்பது அபாயத்தை அன்று, தேதியை என்று மட்டும் சொல்கிறது. அபாயம் மெல்லத் தேய்வது. தேதி நள்ளிரவில் வெட்டி விழுவது. பத்தாம் நாள் இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு ஆபத்தாக இருந்தவர் இரண்டு நிமிடத்தில் ஆபத்தில்லாதவர் ஆகிவிடுவதை எந்த வைரஸும் ஒப்பவில்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாததை ஆள்வதற்கு அரசாங்கத்திடம் வேறு அளவுகோல் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாகவேண்டும். சாலை வியாபாரி முகர்ந்தே தீர்ப்புச் சொல்வார். அமைச்சகம் அப்படி ஒரு மூக்கை ஆணையில் எழுத முடியாது.

இரண்டாம் ஆட்சேபம்: கொரோனா விதிகள் போய்விட்டன, செத்த பாம்பை அடிப்பானேன்? கொரோனா விதிகள் போயின, கோட்பாடு போகவில்லை. 2022 ஜூலை 12 அன்று அமீரகத்திலிருந்து ஒரு பயணி சாலைக்குப் பக்கத்திலுள்ள இதே விமான நிலையத்தில் வந்து இறங்கினார். இரண்டு நாளில் இந்தியாவின் முதல் குரங்கம்மை நோயாளி என்று அறிவிக்கப்பட்டார். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை. குணமான பிறகு, 72 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மாதிரி எடுத்து இரண்டிலும் நோயில்லை என்று வந்த பின்னரே மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சாதாரணச் சின்னம்மைக்கே விமான நிறுவனங்கள் இன்றும் கேட்கின்றன: கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கவேண்டும், அதை மருத்துவர் எழுதித் தரவேண்டும். மெடிஃப் என்ற படிவத்தில் ஒரு பகுதியைப் பயணியும் ஒரு பகுதியைச் சிகிச்சையளித்த மருத்துவரும் நிரப்பவேண்டும். மாரியம்மன் வீட்டுக்கு வந்து போனதற்கு வேப்பிலையும் மூன்றாம் தண்ணீரும் சாட்சியாக இருந்த சமூகத்துக்கு இது புதிய சடங்கு. தண்ணீர் ஊற்றும் நாளை இப்போது விமான நிறுவனம் குறிக்கிறது.

மூன்றாம் ஆட்சேபம் இளைஞர்களுடையது: எல்லாம் கைப்பேசிக்குள், கியூஆர் கட்டத்துக்குள் போனால் காகிதமே ஒழியுமே? கட்டம் காகிதத்தை ஒழிக்கவில்லை, அச்சிடத்தான் வைத்தது. சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் அதை ஜெராக்ஸ் எடுத்து, கிழிந்துவிடுமோ என்ற அச்சத்தில் லேமினேஷன் செய்வது மனித இயல்பு. மேலும் கட்டத்துக்குள் இருந்ததும் அதே 11, அதே 180தான். எலக்ட்ரான் ஆனதால் தேதி மனம் இளகிவிடாது. காகிதமே இல்லாமல் இந்த விமான நிலையத்தைக் கடக்கிறவர் யாராவது உண்டா என்று தேடினால் ஒருவர் அகப்படுகிறார். ஆண்டுக்கு இருமுறை, பைங்குனியிலும் அல்பசியிலும், பத்மநாபசுவாமி ஆறாட்டுக்காக ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறார். சில மணி நேரம் விமானங்கள் பறப்பதில்லை. அவருக்கும் முழு விலக்கு என்று சொல்லமுடியாது. ஓடுபாதை மூடப்படுகிறது என்று விமானிகளுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புப் போகிறது.

எந்த இலக்கணமும் அதிகார இறுதியில் புறனடை சொல்லாமல் முடிவதில்லை. இந்த நூற்பாவுக்குப் புறனடை இரண்டு. ஒன்று மஞ்சள் காய்ச்சல். அந்த நோய் உள்ள நாடுகளிலிருந்து வருபவர் மஞ்சள் அட்டை காட்டாவிட்டால் இந்தியா ஆறு நாள் வரை தனிமையில் வைக்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்து உயிர்பெறும் அந்த அட்டை, 2016 ஜூலை முதல் வாழ்நாள் முழுக்கச் செல்லும். நோயே வந்து பிழைத்தவருக்கும் வாழ்நாள் காப்பு உடம்பில் உண்டு. ஆனால் அட்டையில் ஊசியை எழுதத்தான் இடம் இருக்கிறது, பிழைத்ததை எழுத இல்லை. இங்கே வந்ததும் போனதும் இரண்டும் செல்லாக்காசு.

இரண்டாவது புறனடை நகைச்சுவைக்கு அடங்காதது. வளைகுடா வேலை விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரே உண்டு. என்றோ வந்து, ஆறு மாதம் மாத்திரை தின்று, முழுக்கக் குணமான காசநோய் நுரையீரலில் ஒரு தழும்பை விட்டுப்போயிருக்கலாம். அது தெரிந்தால் ‘அன்ஃபிட்’ என்று எழுதும் வழக்கம் அந்த விதிகளில் இருந்துவருகிறது. ஏற்கெனவே அங்கே குடியிருந்து விசா புதுப்பிப்பவர்களுக்கு அமீரகம் சில தளர்வுகள் தந்திருக்கிறது. புதிதாகப் போகிறவருக்கு வழி குறுகலே. பெரியம்மை வடு ஆளை உள்ளே விட்டது; காசநோய்த் தழும்பு வெளியே நிறுத்துகிறது. இத்தனைக்கும் சிகிச்சை முடித்ததற்கான அட்டையும், சளியில் கிருமி இல்லை என்ற முடிவும் அவர் கையில் இருக்கும். வந்தமைக்கு ஒன்று, போனமைக்கு ஒன்று, இரண்டையும் நூற்பா சொன்னபடியே கொடுத்துவிட்டார். முதல் காகிதம் எக்ஸ்ரே வடிவில் இருப்பதால் இரண்டாவதை யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. எக்ஸ்ரேத் தகட்டை உறையில் போட்டு, கட்டிய பணத்துக்கான ரசீதோடு, பரிசோதனை நிலையத்தார் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.